ஒரு பெட்டிக்கு ஒரு பல்லி

வாத்தியார் பக்கம்



பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். பட்டணத்தில் வேலை பார்க்கும் தாய்மாமன் தீபாவளிக்கு வந்தபோது மருமகன்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சிறுத்தைப் பல்லி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர்கள் ‘லெப்பர்ட் கெக்கோ’ என்று சொல்வது இதைத்தான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கண்ணாடித் தொட்டி. இரண்டையும் அதிலேயே விட்டிருக்கிறார்கள்.

அந்த அம்மாள் எழுதுகிறார்: “இரண்டும் அண்ணன் தம்பி போல ஒற்றுமையாக இருக்கின்றன ஐயா. ஒன்றின் மேல் ஒன்று படுத்துத்தான் தூங்குகின்றன. ஆனால் சின்னவனுடைய பல்லி இரண்டு வாரமாகச் சரியாகத் தின்பதில்லை. வாலும் மெலிந்துகொண்டே போகிறது. சின்னவன் அழுகிறான். பெண் பல்லி ஒன்று வாங்கி உள்ளே விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் மூத்தவன். வாங்கலாமா? சேர்த்து வைப்பதற்கு முறை ஏதும் உண்டா?”

அம்மா, முதலில் ஒன்று செய்யுங்கள். இந்தப் பக்கத்தைக் கடைசி வரை படித்த பிறகு அல்ல. இப்போதே எழுந்து போய், சின்னவனுடைய பல்லியைத் தனியாக எடுத்து வேறொரு பெட்டியில் வையுங்கள். பிறகு வந்து மீதியைப் படிக்கலாம்.

ஒன்றின் மேல் ஒன்று படுப்பதைப் பார்த்தால் நமக்குப் பாசமாகத்தான் தெரியும். நாய்க்குட்டிகள் அப்படிப் படுத்தால் பாசமாகவும் இருக்கலாம். பல்லியின் கணக்கு வேறு. தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உடம்பு அதற்கு இல்லை. தின்ற பூச்சி செரிக்க வேண்டுமானால் வயிற்றுக்கு அடியில் சூடு வேண்டும். உங்கள் தொட்டியில் சூடான மறைவிடம் ஒன்றுதான் இருக்கும். இரண்டுக்கும் வேண்டியது அதே இடம். பலமுள்ளது நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றது அதன் மேல் ஏறிப் படுக்கும், அல்லது குளிர்ந்த மூலையில் முடங்கும். சூடு கிடைக்காவிட்டால் செரிக்காது, செரிக்காவிட்டால் தின்னாது, தின்னாவிட்டால் வால் மெலியும். இந்தப் பல்லிக்கு வால்தான் சேமிப்புப் புத்தகம். உண்டதில் மிஞ்சிய கொழுப்பையெல்லாம் அங்கேதான் சேர்த்து வைக்கிறது. வால் மெலிகிறதென்றால் சேமிப்பை எடுத்துச் சாப்பிடுகிறது என்று பொருள்.

சத்தம் இல்லை, இரத்தம் இல்லை, கடித்த தடமும் இல்லை. இருந்தாலும் அந்தத் தொட்டிக்குள் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சின்னவனுடைய பல்லி தோற்றுக்கொண்டிருக்கிறது. பிரித்து வைத்துப் பத்து நாளாகியும் தின்னவில்லை என்றால் அது வேறு நோயாக இருக்கலாம். அப்போது கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு தொட்டிக்குக் காசு ஏது என்று கேட்பீர்கள். தொட்டியே வேண்டாம். துணிமணி போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி, இரண்டரை மூன்றடி நீளமுள்ளது, ஒரு பல்லிக்குத் தாராளம். பக்கவாட்டில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் இரண்டு வரிசை துளை போடுங்கள். இதைப் பெரியவர்கள் வாசலில் வைத்துச் செய்ய வேண்டும். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைத் தேய்த்து விடுங்கள். தரைக்குச் செய்தித்தாள் போதும், மணல் வேண்டாம். பூச்சியைக் கவ்வும்போது மணலையும் விழுங்கிக் குடல் அடைத்துச் செத்த பல்லிகள் உண்டு. மறைவிடம் மூன்று வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, ஈரமானது ஒன்று. பெரிய தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து ஓரத்தில் வாசல் வெட்டினால் இரண்டு மறைவிடம் ஆயிற்று. காலி மார்ஜரின் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே நனைத்துப் பிழிந்த துணி வைத்தால் ஈர மறைவிடம் ஆயிற்று. தோல் உரிக்கும்போது அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரம் கிடைக்காவிட்டால் விரல் நுனியில் பழைய தோல் இறுகி, விரலே உதிர்ந்து போகும். தண்ணீருக்கு ஒரு ஜாடி மூடி போதும். பழைய பால் மங்கு வீட்டில் கிடக்கிறதே என்று அதை வைக்க வேண்டாம். குட்டிப் பல்லிக்கு அது கிணறு.

இருக்கும் தொட்டியையே நடுவில் தடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கண்ணாடித் தடுப்பு என்றால் இரண்டும் நாள் முழுவதும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்டிருக்கும். பலகைத் தடுப்பு என்றால் பார்வை மறையும். ஆனால் இரண்டடித் தொட்டியைப் பாதியாக வெட்டினால் எந்தப் பாதியிலும் சூடான முனை ஒன்று, குளிர்ந்த முனை ஒன்று என்று அமையாது. பெட்டியே மேல்.

கடிதத்தின் அடியில் மாமியாரின் கவலை ஒன்றும் இருக்கிறது. பல்லி தலையில் விழுந்தால் கெட்ட பலன் என்பார்களே, வீட்டுக்குள்ளேயே பல்லி வளர்க்கலாமா என்று கேட்கிறார். பாட்டி அவர்கள் நிம்மதியாக இருக்கலாம். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு விரலடியில் ஒட்டும் தகடுகள் உண்டு. சிறுத்தைப் பல்லிக்கு அவை கிடையாது. கூரான நகம் மட்டும்தான். வழுக்கும் சுவரில் ஒரு சாண்கூட ஏறாது. ஏறாதது எப்படித் தலையில் விழும்? பெட்டிக்கு மூடி போடச் சொல்வது பல்லி ஓடிவிடும் என்பதற்காக அல்ல, பூனையும் எலியும் உள்ளே வராமல் இருப்பதற்காக.

இது நம் நாட்டுப் பிராணியும் அல்ல. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலம்தான் இதன் ஊர். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத் என்ற ஆங்கிலேயர் 1854இல் இதை அறிவியல் உலகுக்கு எழுதி அறிவித்தார். பல்லிகளில் பெரும்பாலானவற்றுக்கு இமை இல்லை, இதற்கு உண்டு. கண்ணை மூடித் தூங்கும், நம்மைப் பார்த்துச் சிமிட்டும். பிள்ளைகள் மயங்குவது அதில்தான். பகலில் இடுக்கில் கிடந்துவிட்டு அந்தி மயங்கியதும் வெளியே வரும். நன்றாக வளர்த்தால் 15, 20 ஆண்டு உயிரோடு இருக்கும். பையன் படிவம் ஒன்றில் இருக்கும்போது வாங்கினால் அவன் கல்யாணத்தையும் பார்த்துவிடும். மாமன்மார்கள் வாங்குமுன் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

சேர்த்து வைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் தோட்டத்துப் பையன்களுக்கு இதன் விடை முன்பே தெரியும். புதரில் சண்டைச் சிலந்தி பிடித்து, தீப்பெட்டிக்குள் ஓர் இலையோடு வைத்துச் சட்டைப் பையில் போட்டுத் திரிந்தவர்கள் இன்று தகப்பன்மார்களாக இருக்கிறார்கள். ஒரு தீப்பெட்டிக்குள் இரண்டு சிலந்தியை அவர்களில் யாராவது வைத்ததுண்டா? சண்டை மீனைப் போத்தலில் வளர்த்தபோதும், இரண்டு போத்தலுக்கு நடுவே அட்டை ஒன்றைச் சொருகி வைத்தார்கள் அல்லவா? யாரும் புத்தகம் பார்த்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிராணியின் குணம் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

தாய்மார்களோ கோழியை நினைக்கிறார்கள். புதுக்கோழி வாங்கி வந்தால் ஒரு வாரம் பஞ்சாரத்துக்குள் மூடி வைத்து, பழைய கோழிகள் அதைப் பார்த்துப் பழகியதும் ஓர் இரவில் கூட்டுக்குள் ஏற்றி விடுவோம். மறுநாள் நாலு கொத்து வாங்கும். பிறகு தன் வரிசை எதுவென்று தெரிந்துகொண்டு மேயப் போய்விடும். அந்த முறை கோழிக்குச் சரி. ஏனென்றால் கோழி கூட்டமாக வாழும் பிராணி. தனியே விட்டால் ஏங்கிப்போகும். சிறுத்தைப் பல்லி கூட்டம் தேடும் பிராணி அல்ல. அதன் சொந்த ஊரில் ஒரே பாறை இடுக்கில் பெண் பல்லிகள் சில சேர்ந்து பதுங்கியிருப்பதைக் கண்டவர்கள் உண்டுதான். ஆனால் அங்கே ஒத்துப்போகாவிட்டால் அடுத்த பாறைக்குப் போய்விடலாம். மூன்றடிப் பெட்டிக்குள் எங்கே போவது? பார்த்துப் பழகட்டும் என்று பக்கத்தில் வைத்தால், பழகுவதற்குப் பதிலாக இரண்டும் நாளெல்லாம் பயந்துகொண்டே இருக்கும். தனியே இருப்பது அதற்குத் தண்டனை அல்ல. துணை இல்லையே என்று வருந்துவது நாம்தான்.

இரண்டு ஆண்கள் என்றால் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. குட்டியாக இருக்கும்வரை ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பருவம் வந்ததும் ஓர் இரவில் கழுத்தையும் வயிற்றையும் கடித்துக் குதறிவிடும். காலையில் மூடியைத் திறக்கும் பிள்ளை பார்க்கக் கூடாத காட்சி அது. “ஒரே முட்டைச் சோடியில் பிறந்தவை, சண்டை போடாது” என்று சில கடைக்காரர்கள் சொல்லி விற்கிறார்கள். கூடப் பிறந்தது என்கிற கணக்கு பல்லிக்குக் கிடையாது. நிலத் தகராறு என்று வந்துவிட்டால் மனிதருக்கே அது மறந்துபோகிறது.

ஆணும் பெண்ணும் என்றால் மூத்தவன் நினைப்பது போலக் கலகலப்பாகத்தான் இருக்கும், ஆணுக்கு. அது வால் நுனியை அடித்துப் படபடவென்று ஒலி எழுப்பும். பெண்ணின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும். ஒரே பெட்டியில் இருந்தால் பெண்ணுக்கு ஓய்வே கிடைக்காது. அது ஒரு தடவைக்கு இரண்டு முட்டையாக, ஒரே பருவத்தில் பல தடவை இடும். ஒருமுறை சேர்ந்ததன் பலனை உடம்புக்குள் வைத்திருந்து, ஆணைப் பிரித்த பிறகும் முட்டையிட வல்லது. ஒவ்வொரு முட்டைக்கும் தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கொடுக்கிறது. ஒரு வயது நிறையாத, 50 கிராம் எடைகூட இல்லாத பெண்ணை ஆணோடு விடுவது பெரும் பாவம். பிறகு குஞ்சு பொரித்தால் என்ன செய்வீர்கள்? எட்டுக் குஞ்சு என்றால் எட்டுப் பெட்டி. வாங்குவதற்கு ஆள் தேடித் தோட்டம் தோட்டமாக அலைய முடியாது.

இங்கே ஒரு புதுமையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்தப் பல்லியின் முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை அடைகாக்கும் சூடுதான் முடிவு செய்கிறது. 26 பாகை செல்சியஸ் அளவில் வைத்தால் பெரும்பாலும் பெண், 32 பாகையைத் தாண்டினால் பெரும்பாலும் ஆண், 34 பாகைக்கு மேலே போனால் மறுபடியும் பெண். அறிவியல் பாடத்தில் இதைச் சொன்னால் பின் வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இரண்டு பெண்கள் என்றால் மட்டும் சேர்த்து வைக்க ஓரளவு வழி உண்டு. அதுவும் பல்லிக்கு நன்மை என்பதால் அல்ல, பல வேளைகளில் பொறுத்துக்கொள்கிறது என்பதால்தான். ஆறு மாதம் ஒரே பெட்டியில் அமைதியாக இருந்த பெண்கள் ஏழாம் மாதம் கடித்துக்கொண்டதும் உண்டு. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஆனாலும் செய்தே தீருவேன் என்பவர்கள் ஒழுங்காகச் செய்யட்டும் என்பதற்காக முறையைச் சொல்கிறேன்.

இரண்டும் பெண்தானா என்று உறுதி செய்வது முதல் வேலை. கடைக்காரர் வாய்ச்சொல் போதாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பல்லியை அடிப்பக்கம் தெரியும் கண்ணாடி டப்பாவில் விட்டுக் கீழிருந்து பாருங்கள். மல்லாக்கப் பிடித்து வதைக்க வேண்டாம். பின்னங்கால்களுக்கு நடுவே, கழிவு வாய்க்குச் சற்று முன்னால், கவிழ்த்து வைத்த ‘வி’ எழுத்துப் போல மெழுகுப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் ஆண். வாலின் அடியில் இரண்டு புடைப்பும் இருக்கும். பெண்ணுக்குப் புள்ளிகள் மங்கலாக இருக்கும், புடைப்பு இருக்காது. குட்டியில் இது தெரியாது. தெரியாதவரை தனித்தனிப் பெட்டிதான்.

அடுத்தது, புதிதாக வந்ததை மூன்று மாதம் வேறு அறையில் ஒதுக்கி வைப்பது. பலர் இதைத்தான் தட்டிக் கழிக்கிறார்கள். அதிகக் கேடு வருவதும் இதனால்தான். கடி விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், நோய் தெரியாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் ஒன்று இந்தப் பல்லிகளின் குடலில் குடியேறும். தின்றாலும் மெலிந்து, வால் குச்சியாகி, கடைசியில் செத்துப்போகும். இதை அடியோடு ஒழிக்க நம்பகமான மருந்து இல்லை. வீட்டில் தெளிக்கும் சாதாரணக் கிருமிநாசினிக்கும், தண்ணீர் கலந்த குளோராக்ஸ் போன்றவற்றுக்கும் அது சாவதில்லை. கழிவு மூலமாக ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும். அதனால் முதலில் பழைய பல்லிக்குத் தீனி, பிறகுதான் புதியதற்கு. இடுக்கி, தண்ணீர் மூடி எல்லாம் தனித்தனி. நடுவில் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முடிந்தால் புதியதன் கழிவைச் சிறு டப்பாவில் எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று மாதமும் வாரம் ஒருமுறை இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் சிறு மின்தராசு போதும், ஒரு கிராம் வரை காட்டும். அதன் மேல் டப்பா வைத்துப் பல்லியை விட்டு, எண்ணைப் பழைய நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கணக்கும் பழகும். எடையில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்த பிறகே சேர்க்க வேண்டும். 60 கிராம் பல்லியோடு 30 கிராம் பல்லியை விட்டால் சிறியதற்கு வாழ்வில்லை. பெரியது சிறியதைத் தீனி என்றே நினைத்துக் கவ்வவும் கூடும்.

சேர்க்கும் பெட்டி நாலடி நீளமாவது இருக்கட்டும். சூடான பக்கம் இரண்டு சிரட்டை, குளிர்ந்த பக்கம் இரண்டு சிரட்டை, ஈர டப்பாவும் இரண்டு. ஒன்று குறைந்தாலும் மேலே சொன்ன படுக்கைச் சண்டை ஆரம்பமாகிவிடும். ஏற்கெனவே ஒன்று குடியிருந்த பெட்டியில் மற்றதைக் கொண்டுபோய் விடாதீர்கள். பழையதற்கு அது தன் வீடு. பெட்டியைச் சுடுநீரில் கழுவி, தாள் மாற்றி, சிரட்டைகளை இடம் மாற்றி, இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள். பெரட்டுக்குப் போக வேண்டிய நாளில் இதைத் தொடங்க வேண்டாம். மறுநாள் ஓய்வு உள்ள மாலையாகப் பாருங்கள். அவை விழித்திருப்பது இரவில்தான். நீங்களும் விழித்திருக்க வேண்டும். காலி செய்த பழைய பெட்டிகள் இரண்டும் சூடு குறையாமல் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும்.

முகர்ந்து பார்த்துவிட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போனால் நல்லது. கால்களை நீட்டி உடம்பைத் தூக்கி நின்று, வாலைப் பூனை போல மெதுவாக அசைத்தால் அடுத்த நொடி பாயப்போகிறது என்று அர்த்தம். ஒரு முறை பாய்ந்து கடித்தால் போதும், பிரித்துவிடுங்கள். நாளைக்கு இன்னொரு முறை பார்ப்போம் என்று விடாதீர்கள். கையை நடுவில் கொடுக்காமல் ஓர் அட்டையைச் செருகிப் பிரிக்க வேண்டும். கடி இல்லாவிட்டாலும், ஒன்று எப்போதும் குளிர்ந்த பக்கமே கிடந்தாலோ, மற்றது வெளியே வந்தால் இது உள்ளே ஓடினாலோ, எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ பிரித்துவிட வேண்டியதுதான். தீனி நேரத்தில் ஒவ்வொன்றையும் அதனதன் பழைய பெட்டியில் விட்டு ஊட்டுங்கள். ஒரே பூச்சியை இரண்டும் தாவிப் பிடிக்கப் போய், ஒன்றின் முகம் மற்றதன் வாயில் சிக்கும்.

இவ்வளவும் செய்ய வேண்டுமானால் மொத்தம் மூன்று பெட்டி ஆகிறது என்பதைக் கவனித்தீர்களா? தனித்தனியே வளர்த்தால் இரண்டோடு முடிந்தது.

தீனிக்குச் சிள்வண்டும் மாவுப்புழுவும் கடையில் கிடைக்கும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். பூச்சியின் அளவு பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். தின்னாமல் மிஞ்சிய சிள்வண்டை எடுத்துவிடுங்கள், இரவில் அதுவே பல்லியைக் கடிக்கும். காசு மிச்சம் என்று செம்பனைக்குள் பிடித்த பூச்சியைப் போட வேண்டாம். பாராகுவாட்டை நாட்டில் 2020 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டார்கள். ஆனால் களைக்கும் பூச்சிக்கும் அடிக்கும் மருந்துகள் வேறு பல உண்டு. மருந்து அடிக்கும் வேலைக்குப் போய் வந்த தாய்மார்களுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம். சூடான சிரட்டையின் தரை 31 முதல் 33 பாகை வரை இருக்க வேண்டும். மறுபக்கம் 25 பாகை அளவில் போதும். பெட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் மின் சூட்டு விரிப்பு வைத்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் கட்டாயம் பூட்டுங்கள். அது இல்லாமல் வைத்தால் பல்லியின் வயிறு வெந்துபோகும், வீட்டுக்கும் ஆபத்து. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இரவுக் குளிருக்கு விரிப்பு இல்லாமல் முடியாது. கீழ்நாட்டில் கவலை நேர்மாறானது. தகரக் கூரை லயத்து வீட்டில் நடுப்பகலில் எந்த அறை கொதிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறையிலும், வெயில் படும் சன்னலோரத்திலும் பெட்டியை வைக்காதீர்கள்.

கடிபட்ட பல்லி கையில் இருந்தால், காயத்தைக் கொதித்து ஆறிய உப்புநீரால் கழுவி, சுத்தமான தாள் விரித்த பெட்டியில் தனியே விடுங்கள். மஞ்சளும் எண்ணெயும் தடவ வேண்டாம். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். பயத்தில் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டால், கழன்ற வால் சில நிமிடம் துள்ளும், பிள்ளைகள் அலறுவார்கள். வால் மறுபடி வளரும். ஆனால் பழைய வளையங்கள் இராது, பூண்டு போல உருண்டையாக வரும். சேமிப்பு முழுவதும் போய்விட்டதால் அந்த வாரங்களில் தீனியைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒன்று. பல்லியின் உடம்பிலும் கழிவிலும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பல்லிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீர் மூடியையும் சிரட்டையையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. மாவு நிறுக்கும் தராசையும் துடைத்து வையுங்கள். பல்லிக்கென்றே ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் தொடாமல் இருப்பது உத்தமம்.

சிங்கப்பூர் வாசகர்கள் கவனிக்க: அங்கே சிறுத்தைப் பல்லி வளர்ப்பது சட்டப்படி குற்றம். ஜொகூரில் வாங்கிக் காரில் மறைத்துக் கொண்டுபோகும் விளையாட்டு வேண்டாம். மலேசிய வாசகர்கள் வாங்குமுன் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன.

இரண்டு வைத்துப் பார்க்க முடியவில்லை என்றால் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தோட்டத்துக்குள் விட்டுவிடாதீர்கள். வறண்ட நாட்டுப் பிராணி நம் மழையில் தாங்காது. எலி பிடிக்கச் செம்பனைக்குள் வைத்திருக்கும் ஆந்தைக்கு ஒரு வேளை உணவாகப் போகும். கொடுக்கும்போது பெட்டி, சிரட்டை, எடை எழுதிய நோட்டு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு பல்லி இருந்தால், பெட்டி எத்தனை இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.